கொழுந்து அறிந்த வேதியியலைப் பள்ளி அறியாதோ?

வேதியியல் என்பது வேற்றூரார் கலை. அது கண்ணாடிக் குடுவைக்குள் நிகழ்வது. தமிழில் அதனைச் சிந்திக்க இயலாது. தோட்டப்புறத்துப் பிள்ளைக்கு அது எட்டாக்கனி. இத்தகைய கருத்தொன்று தமிழ்க் கல்வி உலகில் நெடுங்காலமாக வேரோடிக் கிடக்கிறது. மேடையேறி இதனைச் சொல்பவர் சிலரே. நெஞ்சுக்குள் இதனை வைத்துக்கொண்டு வகுப்பறைக்குள் நுழைபவரோ பலர். நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவின் வாசலில் தயங்கி நிற்கும் தமிழ் மாணவனைப் பார்த்து, "அவனுக்கு அறிவு போதாது" என்று முடிவு கட்டுவது எளிது. அவன் தோள்மீது இந்த அச்சத்தை ஏற்றி வைத்தவர் யார் என்று கேட்பதுதான் அரிது.

அச்சம் பொய்யானது. அதனைப் பொய்யென்று நிறுவப் பெருநகரத்து ஆய்வுக்கூடங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையே அமைந்துள்ள கோலா தெர்லா என்னும் சிற்றூர்வரை போனால் போதும்.

ஆலைக்குள் ஓர் ஆய்வுக்கூடம்

வில்லியம் கேமரன் 1885-இல் நில அளவைக்காக ஏறிய இம்மலையில், 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்நாள் தொட்டுத் தமிழ்த் தொழிலாளர் காடு வெட்டினர், கன்று நட்டனர், கொழுந்து பறித்தனர், ஆலையில் இரவும் பகலும் நின்றனர். இன்று தோட்ட வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளரே மிகுதி. ஆயினும், கோலா தெர்லாவிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் தேயிலைத் தொழிலை அறிந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கு வருகின்றனர். அவர்களுடைய பாட்டிமார் அறிந்திருந்த வேதியியல், நான்காம் படிவப் பாடநூலில் உள்ள "வினைவேகம்" என்னும் பாடத்தைவிடக் குறைந்ததன்று.

ஆலையில் நடப்பது என்ன? பறித்த கொழுந்தைத் தட்டுகளில் பரப்பிக் காற்றோட்டத்தில் வாட்டுகின்றனர். பின்னர் உருட்டும் இயந்திரத்தில் இட்டுக் கசக்குகின்றனர். இலையின் உயிரணுக்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த பாலிபீனால் பொருள்களும், அவற்றை ஆக்சிஜனேற்றம் செய்யத் தூண்டும் நொதியும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே புகுகிறது. பச்சை இலை செம்பழுப்பாகிறது. மணமும் சுவையும் பிறக்கின்றன. இதனைத் தொழில் வழக்கில் "புளிக்கவைத்தல்" என்கின்றனர். உண்மையில் இங்கே நுண்ணுயிர்களால் நிகழும் புளிப்பு ஏதுமில்லை. நிகழ்வது நொதி நடத்தும் ஆக்சிஜனேற்றமே.

பாடநூல் கூறும் காரணிகள் யாவும் இங்கே கண்முன் நிற்கின்றன. முழு இலை மெல்லச் சிவக்கும். நன்கு நொறுக்கப்பட்ட இலை விரைந்து சிவக்கும். இது புறப்பரப்பின் வேலை. காற்றுப் படாத அடுக்கு பச்சையாகவே தங்கும். காற்றுப்பட்ட மேலடுக்கு நிறம் மாறும். இது ஆக்சிஜன் செறிவின் வேலை. நொதி இன்றேல் இத்தொழிலே இல்லை. இது வினையூக்கியின் வேலை. குளிர்ந்த நாளில் நிறம் வரக் கூடுதல் நேரம் ஆகும். இது வெப்பநிலையின் வேலை. உரிய நிறமும் மணமும் வந்ததும், 100 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பக் காற்றில் இலையை உலர்த்துகின்றனர். நொதி சிதைகிறது, வினை நின்றுவிடுகிறது. பச்சைத் தேநீருக்கு உரிய இலையைத் தொடக்கத்திலேயே ஆவியிலோ சூடான சட்டியிலோ இட்டு வாட்டுவதும் இதே காரணத்தால்தான். வினை தொடங்குமுன்னரே நொதியை அழித்துவிடுகின்றனர்.

இவ்விடத்தில்தான் மனப்பாடக் கல்வியின் முகமூடி கழல்கிறது. "வெப்பநிலை உயர்ந்தால் வினைவேகம் உயரும்" என்று நூறு முறை எழுதிய மாணவனிடம், "அப்படியானால், உலர்த்தியில் இட்டதும் வினை நின்றுபோவது ஏன்?" என்று கேட்டால் அவன் திகைத்து நிற்பான். நொதி ஒரு புரதம் என்பதும், ஓரளவு வெப்பத்துக்கு மேல் அது உருக்குலைந்து போகும் என்பதும், உயிர்வேதி வினைகளுக்கு விரைவுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதும் அவனுக்குச் சொல்லப்படவில்லை. சொல்லப்பட்டிருந்தாலும் வேறொரு பாடத்தில், வேறோர் ஆசிரியரால் சொல்லப்பட்டிருக்கும். ஆலை வாசலில் நின்ற தொழிலாளியோ இரண்டையும் ஒன்றாகவே அறிந்திருந்தார்.

ஒரே வாக்கியத்தின் ஆட்சி

வினைவேகப் பாடம் இன்று பெரும்பாலும் ஒரே வாக்கியத்தின் ஆட்சிக்குள் அடங்கிவிட்டது. "பயனுறு மோதல்களின் நிகழ்வெண் அதிகரிக்கிறது" என்பதே அவ்வாக்கியம். செறிவு பற்றிய வினாவா? அதே விடை. புறப்பரப்பா? அதே விடை. வெப்பநிலையா? அதே விடை. மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் கைவிடப்பட்டது; பி.டி.3 தேர்வு 2022-இல் கைவிடப்பட்டது. தேர்வுகள் போயின, தேர்வு மனப்பான்மை போகவில்லை. எஸ்.பி.எம். விடைத்தாளுக்கு உரிய வாக்கியங்களை உருப்போட வைப்பதே வேதியியல் கற்பித்தல் என்னும் எண்ணம் அசையாமல் இருக்கிறது.

அவ்வாக்கியத்தின் பொருளை ஒரு கணக்கால் சோதித்துப் பார்க்கலாம். பல வினைகளில், வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. அப்படியானால் துகள்களின் மோதல்களும் இரு மடங்காகின்றனவா? இல்லை. வாயுத் துகள்களை 20 பாகையிலிருந்து 30 பாகைக்குச் சூடேற்றினால், அவற்றின் மோதல்கள் நூற்றுக்கு இரண்டு என்னும் அளவுகூட உயர்வதில்லை. இரு மடங்காவது மோதல்களின் எண்ணிக்கை அன்று. வினைக்கு வேண்டிய குறைந்த அளவு ஆற்றலைத் தாங்கிவந்து மோதும் துகள்களின் பங்கே. அந்தக் குறைந்த அளவே கிளர்வு ஆற்றல். சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரீனியஸ் 1889-இல் விளக்கிய கருத்து இது. வாக்கியத்தில் "பயனுறு" என்னும் ஒரு சொல்லுக்குள் இவ்வளவும் ஒளிந்திருக்கிறது. அச்சொல்லைப் பிரித்துக் காட்டாமல் வாக்கியத்தை மட்டும் ஒப்புவிக்கச் செய்வது, நெல்லை எறிந்துவிட்டு உமியைக் குத்துவதற்கு ஒப்பாகும்.

இன்னொரு கொடுமையும் உண்டு. சோடியம் தயோசல்பேட்டுக் கரைசலோடு நீர்த்த கந்தக அமிலத்தைச் சேர்த்து, குடுவைக்கு அடியில் வரைந்த குறி கண்ணுக்கு மறையும் நேரத்தை அளப்பது பள்ளிகளில் வழக்கமான சோதனை. தாழ்நிலத்து நகரில் 30 பாகையில் 30 விநாடியில் மறையும் குறி, மலைமேல் 20 பாகையில் மறைய ஏறத்தாழ 60 விநாடி ஆகக்கூடும். வழிகாட்டி நூலில் அச்சான எண்ணோடு தன் எண் பொருந்தவில்லையே என்று மலைநாட்டு மாணவன் வருந்துவான். அவனுக்குத் தரப்படும் அறிவுரை என்ன? நூலிலுள்ள எண்ணை எழுது என்பதுதானே? தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலைக்கும் இதே கதி. கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 96 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. வெப்பமானி 96 காட்ட, மாணவன் 100 என்று எழுதினால் அவன் வேதியியலைக் கற்கவில்லை. பொய் எழுதக் கற்றுக்கொள்கிறான். மலைமேல் பருப்பு வேகத் தாமதமாவதையும், தோசை மாவு பொங்க அடுப்படி வெதுவெதுப்பைத் தேடுவதையும் அவன் தாய் நாள்தோறும் காண்கிறாள். அந்த 96 பிழையன்று. அதுவே அன்றைய பாடம்.

விரைவு வேறு, வெப்பம் வேறு

இன்றைய பாடத்திட்டத்தில் வினைவேகம் நான்காம் படிவத்திலும், வெப்ப வேதியியல் ஐந்தாம் படிவத்திலும் இடம்பெறுகின்றன. பிரித்து வைத்ததில் தவறில்லை. பிரித்தவற்றை மீண்டும் இணைத்துக் காட்டாததே தவறு. அதன் விளைவாக, மிகுந்த வெப்பத்தை வெளிவிடும் வினை விரைவாக நிகழும் என்ற மயக்கம் மாணவர் மனத்தில் குடியேறிவிடுகிறது.

வெற்றிலைப் பெட்டியைத் திறந்தால் இம்மயக்கம் தீரும். சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் ஏறத்தாழ 900 பாகையில் சுடுகின்றனர். கல் ஒவ்வொரு மோலுக்கும் ஏறத்தாழ 178 கிலோஜூல் வெப்பத்தை உட்கொண்டு, கரியமில வாயுவை விட்டுச் சுட்ட சுண்ணாம்பாகிறது. இது வெப்பக் கொள்வினை. சுட்ட சுண்ணாம்பில் நீரை ஊற்றினால் "சுர்" என்று சீறி, ஆவி பறக்கக் கொதிக்கிறது. இது வெப்ப உமிழ்வினை. வெளிவருவது மோலுக்கு ஏறத்தாழ 65 கிலோஜூல். நீர்த்த அதே சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாக இறுகுகிறது. அப்போது வெளிவரும் வெப்பம் ஏறத்தாழ 113 கிலோஜூல். சீறிக் கொதித்த வினையைவிட இது மிகுதி! ஆயினும் சுவர் சுடுவதில்லை. அவ்வினை முடியத் திங்கள்களும் ஆண்டுகளும் ஆகின்றன. குறைந்த வெப்பம் தருவது விரைகிறது; மிகுந்த வெப்பம் தருவது ஊர்கிறது. 65-ஐயும் 113-ஐயும் கூட்டினால், காளவாயில் கொடுத்த 178 திரும்பக் கிடைத்துவிடுகிறது. எந்த வழியில் சென்றாலும் மொத்த வெப்பக் கணக்கு மாறாது என்று ஹெஸ் 1840-இல் கூறிய விதி, தாம்பூலச் சுண்ணாம்புக்குள் அடங்கிக் கிடக்கிறது.

வேகத்தை முடிவு செய்வது எது? இடையிலுள்ள மேடு. சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியாகக் குவா மூசாங்குக்குச் செல்லும் மலைச்சாலையை இதற்கு உவமை சொல்லலாம். புறப்படும் ஊரின் உயரத்துக்கும் சேரும் ஊரின் உயரத்துக்கும் உள்ள வேறுபாடு வெப்ப மாற்றத்தைப் போன்றது. இடையில் ஏறிக் கடக்க வேண்டிய மலைமுகடு கிளர்வு ஆற்றலைப் போன்றது. சேரும் ஊர் தாழ்ந்திருக்கிறது என்பதற்காக முகடு தாழ்ந்துவிடாது. மலையைக் குடைந்து தாழ்வான வழியொன்று அமைத்தால், அதுவே வினையூக்கி. ஊர்திகள் விரைந்து செல்லும்; இரண்டு ஊர்களின் உயரமும் மாறாது. வினையூக்கி துகள்களுக்கு ஆற்றலை ஊட்டுகிறது என்று எழுதும் மாணவர் பலர். "ஊக்கி" என்னும் சொல் அவர்களை மயக்குகிறது போலும். அது புதுவழி காட்டுவதேயன்றிப் பின்னின்று தள்ளுவதன்று என்று ஆசிரியர் ஒருமுறை சொன்னால், அம்மயக்கம் அகலும்.

வேகமும் வெப்பமும் தனித்தனி என்று தெளிந்த பின்னரே, இரண்டும் கைகோக்கும் இடத்தைக் காட்ட வேண்டும். கொழுந்தைக் கூடையில் அமுக்கித் திணிக்கக் கூடாது என்பது தேயிலைத் தோட்டத்துப் பழைய பாடம். அமுக்கினால் இலை நசுங்கும், சூடேறும், ஆலைக்கு வருமுன்னரே சிவந்து கெடும். ஏன்? இலையின் சுவாசமும் ஆக்சிஜனேற்றமும் வெப்பத்தை வெளிவிடுகின்றன. குவியலின் நடுவிலிருந்து அவ்வெப்பம் வெளியேற வழியில்லை. தேங்கிய வெப்பம் வெப்பநிலையை உயர்த்துகிறது. உயர்ந்த வெப்பநிலை வினையை விரைவுபடுத்துகிறது. விரைந்த வினை மேலும் வெப்பத்தைத் தருகிறது. ஆலையில் இலையை மெல்லிய அடுக்காகப் பரப்பி, ஈரமும் குளிர்ச்சியும் உள்ள காற்றில் வைப்பது இச்சுழலை உடைப்பதற்காகவே. பெரும் வேதித் தொழிற்சாலைகளில் பொறியாளர் அஞ்சிக் காவல் காக்கும் அதே சுழல், கொழுந்துக் கூடைக்குள்ளும் இருக்கிறது. கூடை சுமந்த பெண் அதனை அறிந்திருந்தாள். அவளுடைய பேத்தியின் வேதியியல் நூலில் அந்தக் கூடைக்கு இடமில்லை.

உலர்த்தியின் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். எனவே மூன்றரைக் கிலோ நீர் வெளியேற வேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பம் தேவை. மொத்தம் ஏறத்தாழ 8,000 கிலோஜூல். வாட்டும்போது அதில் ஒரு பகுதியைக் காற்று தருகிறது. எஞ்சியதை எரிபொருள் தருகிறது. 20 பாகையிலுள்ள 24 லிட்டர் நீரை 100 பாகைவரை சூடேற்றப் போதுமான வெப்பம் அது! ஆவியாதல் வேதி வினையன்று, வெறும் நிலைமாற்றமே என்னும் வேறுபாட்டையும் இக்கணக்கோடு சேர்த்தே கற்பிக்கலாம்.

மறுப்புரைகளும் மாற்றுரையும்

"இவையெல்லாம் சரி, மொழி இடம் தராதே" என்பர் சிலர். மேனிலைப் பள்ளிகளில் வேதியியல் மலாயில், அல்லது இருமொழித் திட்டத்தின்கீழ் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகிறது என்பது உண்மையே. அம்மொழிகளைத் தமிழ் மாணவர் செம்மையாகக் கற்க வேண்டும். அதில் இரு கருத்து இல்லை. ஆனால், தேர்வு எழுதும் மொழி வேறு. கருத்து முளைவிடும் மொழி வேறு. வீட்டிலும் தோட்டத்திலும் தமிழில் கண்ட ஒன்றைத் தமிழில் சிந்தித்துத் தெளிந்த பிள்ளை, அதனை எம்மொழியிலும் எழுதிவிடுவான். எம்மொழியிலும் தெளியாதவன் எம்மொழியில் ஒப்புவித்தும் பயனில்லை. அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் என்னும் கொள்கை 2003-இல் வந்தது. அதனைக் கைவிடும் முடிவு 2009-இல் வந்தது. 2016-இல் இருமொழித் திட்டம் வந்தது. மொழி மாறி மாறி வந்தும், உருப்போடும் பழக்கம் ஒருமுறையேனும் மாறியதா? நோய் வேறிடத்தில் இருக்க, மருந்தை வேறிடத்தில் தடவுவது எங்ஙனம் பயன் தரும்?

தமிழுக்கு வேதியியல் புதிதும் அன்று. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் முயற்சியால் "கெமிஸ்தம்" என்னும் வேதியியல் நூல் 1875-இல் தமிழில் வெளிவந்தது. வினைவேக இயலுக்கு அடித்தளமிட்ட நூலை வான்ட் ஹாஃப் வெளியிட்டது 1884-இல்தான். மூதறிஞர் இராஜாஜி, திண்ணையில் அமர்ந்து பேசுவதுபோல் "திண்ணை ரசாயனம்" எழுதினார். தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் "வேதிவினை வேகவியல்" தனிப் பாடமாக உள்ளது. இலங்கையில் உயர்தர மாணவர் "தாக்க வீதம்" என்ற பெயரில் இதனைத் தமிழிலேயே கற்றுத் தேர்வெழுதுகின்றனர். கலைச்சொல் இல்லை என்பார் தேடவில்லை என்பதே பொருள்.

"கருவிகள் இல்லை" என்பர் வேறு சிலர். ஒரு கடிகாரம், ஒரு வெப்பமானி, ஒரு தராசு ஆகிய மூன்றும் இல்லாத பள்ளி உண்டோ? கசக்கிய இலையையும் கசக்காத இலையையும் அருகருகே வைத்து, நிறம் மாறும் நேரத்தைக் குறிக்கப் பெருஞ்செலவு ஆகாது. கிண்ணத்து நீரில் யூரியா உரத்தைக் கரைத்தால் கிண்ணம் குளிர்கிறது. வெப்பக் கொள்கையைக் கையாலேயே தொட்டு அறியலாம்.

"பாடத்திட்டத்தில் நேரமில்லை; அதுவும் தமிழ்ப்பள்ளியில் வேதியியல் ஏது?" என்பதே இறுதி மறுப்பு. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. வேதியியல் என்னும் பெயரில் அங்கே பாடம் இல்லை என்பது மெய்யே. ஆயினும் துருப்பிடித்தலும் உணவைப் பதப்படுத்தலும் தொடக்கப்பள்ளி அறிவியலில் இடம்பெற்று வந்துள்ளன. துருப்பிடித்தல் மெல்ல நிகழும் வெப்ப உமிழ்வினை. குளிர்பெட்டி, வினைவேகத்தைக் குறைக்கும் கருவி. பெயர் சொல்லாமலே பொருளை விதைக்கலாம். பத்து வயதில் விதைத்தால் பதினாறு வயதில் அறுவடை உண்டு. விதைக்காதவர் அறுவடை இல்லை என்று புலம்புவதில் பொருளில்லை.

ஆற்ற வேண்டிய பணி

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. தோட்டத்தில் காய்த்த சுரைக்காயை விட்டுவிட்டு, ஏட்டுச் சுரைக்காயைப் படம் வரையச் சொல்வது இன்றைய நிலை. இதனை மாற்ற அமைச்சின் ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மலைநாட்டுப் பள்ளி மலைநாட்டு எண்களைத் தன் சுவரில் எழுதி வைக்கட்டும். தண்ணீர் கொதித்தது எத்தனை பாகையில், மாவு பொங்கியது எத்தனை மணியில், இலை சிவந்தது எத்தனை நிமிடத்தில் என்று ஆண்டுதோறும் மாணவரே அளந்து குறிக்கட்டும். நூலின் எண்ணோடு மாறுபடும்போது "ஏன்?" என்று கேட்கும் மாணவனைத் தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் ஒன்றுபோல் பாராட்டட்டும்.

ஆலையில் நின்ற தலைமுறை மூப்படைந்து வருகிறது. கொழுந்தின் மணத்தைக் கொண்டே வினை முற்றியதை உணர்ந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய சொற்களும் பட்டறிவும் எந்த நூலிலும் ஏறவில்லை. அவர்கள் போனால் அவையும் உடன்போகும். அவர்களைப் பள்ளிக்கு அழைத்து, பிள்ளைகள் முன் பேச வைத்து, பேசியதை எழுதி வைப்பது தமிழாசிரியர் உடனே மேற்கொள்ள வேண்டிய கடமை. தன் பாட்டி அறிந்தது அறிவியலே என்று உணர்ந்த பிள்ளை, அறிவியல் பிரிவின் வாசலில் அன்னியனாக நிற்க மாட்டான்; தன் வீட்டுக்குள் நுழைபவனாக நிமிர்ந்து நுழைவான்.